நில மதிப்பீட்டாளரின் வலசை

நிலம், வீடு, கடை, தோட்டம் போன்ற அசையாச் சொத்துகளுக்கு ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக என்ன மதிப்பு என்று ஆய்ந்து, எழுத்தில் அறிக்கை தரும் தகுதி பெற்றவர் சொத்து மதிப்பீட்டாளர் எனப்படுவார். வங்கிக் கடன், பாகப்பிரிவினை, நில எடுப்பு இழப்பீடு, வரி, நிறுவனக் கணக்கு, வெளிநாட்டு விசாவுக்கான சொத்துச் சான்று எனப் பல தேவைகளுக்கு இவரது அறிக்கை கேட்கப்படுகிறது. பொறியாளரும் கணக்கரும் செவிலியரும் வெளிநாடு சென்று தம் தொழிலைத் தொடர்வது போல மதிப்பீட்டாளரும் தொடர முடியுமா என்பது இத்துறையில் நுழையும் மாணவர்கள் பலர் கேட்கும் கேள்வி. இதற்கான விடை இத்தொழிலின் வரலாற்றில் இருக்கிறது. தென்காசி வட்டாரத்திலிருந்தே அந்த வரலாற்றைத் தொடங்கலாம்.

குத்துக்கல்லும் வலசையும்

தென்காசி நகரை ஒட்டியுள்ள ஊராட்சி குத்துக்கல்வலசை. செங்குத்தாக நட்ட கல்லைக் குத்துக்கல் என்பர். அசையாமல் நிற்பவரைப் பார்த்து, "ஏன் குத்துக்கல் மாதிரி நிற்கிறாய்?" என்று கேட்பது இன்றும் வழக்கு. வலசை என்பது இதற்கு நேர்மாறான சொல். ஓரிடம் விட்டு வேறிடம் பெயர்வதும் அப்படிப் பெயர்ந்தவர்கள் அமைத்த குடியிருப்பும் வலசை எனப்படும். பறவைகள் வலசை போகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துப் புதுவலசை போன்ற ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் உண்டு.

நகராத கல்லும் நகரும் மக்களும் ஒரே ஊர்ப்பெயரில் சேர்ந்திருக்கின்றன. நில மதிப்பீட்டாளரின் நிலையும் இதுதான். அவர் மதிப்பிடும் பொருள் நகராது; அவர் நகரலாம். அப்படி நகரும்போது அவருடைய அறிவில் எவ்வளவு அவருடன் வரும் என்பதே கேள்வி.

தரமும் தீர்வையும்

1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது திருநெல்வேலிச் சீமையும் அதனுடன் சேர்ந்தது. அதற்கு முன்னரே, 1792 முதல் பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் பணியைத் தொடங்கியிருந்தனர். பயிரிடுபவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் இந்த இரயத்துவாரி முறை, மன்றோ சென்னை ஆளுநரான 1820-க்குப் பின் மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. அளப்பதற்கு ஆள் வேண்டும் என்பதால் 1794-லேயே சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளியே.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்த நிலவரித் திட்டத்தில் ஒவ்வொரு புலத்தின் மண்ணும் பார்க்கப்பட்டது. கரிசலா, செம்மண்ணா, மணலா, பாசனம் குளத்திலா, ஆற்றிலா என்று வகைப்படுத்தி நிலத்துக்குத் 'தரம்' குறித்தனர். சில வயல்களில் அறுத்து அளந்து சராசரி விளைச்சல் கண்டனர். பல ஆண்டுகளின் சராசரித் தானிய விலையால் அதைப் பெருக்கி, சாகுபடிச் செலவையும் பருவம் பொய்ப்பதற்கான கழிவையும் நீக்கினர். மிஞ்சிய நிகர விளைவில் பாதிக்கு மேற்படாமல் தீர்வை விதிப்பது விதியாயிற்று.

இது வரிக்கணக்குதான். ஆனாலும் நிலம் தரும் நிகர வருமானத்தைக் கொண்டு நிலத்தைத் தரம் பிரிக்கும் அடிப்படை இதிலேயே இருக்கிறது. இன்றைய மதிப்பீட்டாளர் கையாளும் மூன்று முதன்மை முறைகளில் ஒன்றான வருமான முறையும் அதே அடிப்படையில் நிற்பது. மற்றவை இரண்டு: அருகில் விற்ற சொத்துகளோடு ஒப்பிடும் ஒப்பீட்டு முறை, கட்டடத்தை இன்று கட்டினால் ஆகும் செலவில் தேய்மானம் கழித்துப் பார்க்கும் செலவு முறை.

எட்டுக் கிலோமீட்டரில் ஓர் அயல்நாடு

தென்காசியிலிருந்து செங்கோட்டை சுமார் 8 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 வரை அந்த 8 கிலோமீட்டருக்குள் ஓர் அரசின் எல்லை இருந்தது. தென்காசி சென்னை மாகாணத்தில். செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியில். இருபுறமும் தமிழர்கள், ஒரே மலையின் நீர், ஒரே நெல். ஆனால் நிலச்சட்டம் வேறு.

தென்காசிப் பக்கம் இரயத்துவாரிப் பட்டா. சுற்றிலும் சொக்கம்பட்டி, ஊற்றுமலை, சிவகிரி போன்ற ஜமீன்கள்; ஜமீன் நிலத்துக்கு வேறு விதிகள். செங்கோட்டைப் பக்கம் மன்னரின் சட்டம். 1865-ஆம் ஆண்டின் பாட்டப் பிரகடனம் மூலம் திருவிதாங்கூர் அரசு தன் நிலங்களின் குத்தகைக்காரர்களுக்கு விற்கவும் அடகு வைக்கவும் உரிமை தந்தது. தேவசுவ நிலம், ஜென்மி நிலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமைமுறைகள் இருந்தன. ஒரே அளவு வயல், ஒரே விளைச்சல். ஆயினும் வாங்குபவருக்குக் கிடைக்கும் உரிமை வேறாக இருந்தால் விலையும் வேறாகும்.

மதிப்பீட்டாளர் விலை சொல்வது மண்ணுக்கு அல்ல; அந்த மண்ணின் மீதுள்ள உரிமைக்கு. இந்த அடிப்படை உண்மையை இவ்வட்டார வரலாறே காட்டுகிறது. செங்கோட்டை தமிழ்நாட்டுடன் இணைந்தபோது வயல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைப் பற்றிய பதிவேடுகளும் சட்டங்களும்தான் மாறின.

கடல் கடந்தவர்கள்

கடையநல்லூர், தென்காசி பகுதி நெசவாளர் குடும்பங்கள் பல 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வலசை போயின. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அவர்கள் செறிந்து வாழ்ந்தனர். கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே 1941-இல் தோன்றியது. பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் இப்பகுதியினர் சென்றனர்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயாவின் இரயில்வே, பொதுப்பணி, நில அளவைத் துறைகளில் எழுத்தர்களாகவும் அளவையாளர்களாகவும் பணியாற்றினர். ஆங்கிலக் கல்வியும், இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த ஒரே வகை ஆட்சிமுறையும் அவர்களுக்கு வாசல் திறந்தன. சங்கிலியும் கோணமானியும் எங்கும் ஒன்றே என்பதால் அளக்கும் தொழில் எளிதில் கடல் கடந்தது.

ஆனால் மலாய் மாநிலங்களில் நிலவுரிமை முறை சென்னை மாகாணத்தது போன்றதன்று. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858-இல் கொண்டுவந்த முறையை ஒட்டி, அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று என்ற ஏற்பாடு அங்கே அமைந்தது. மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச்சட்டமும் அவ்வழியதே. இந்தியாவில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்கிறது. உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் இங்கே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர் தவறிப் போனவர்கள் இன்றும் திருத்தத்துக்கு அலைவதை வட்டாட்சியர் அலுவலகங்களில் காணலாம்.

சிங்கப்பூரில் மதிப்பீட்டாளர் மாணவர்கள் அறிந்த ஒரு பட்டியல் உண்டு. அதற்குப் 'பாலா பட்டியல்' என்று பெயர். அங்குள்ள நில அலுவலகத்தில் பணிபுரிந்த பாலா என்பவரின் பெயரால் அது வழங்குவதாகச் சொல்லப்படுகிறது. குத்தகைக் காலம் குறையக் குறைய நிலமதிப்பு எவ்வாறு தேய்கிறது என்பதை அது காட்டுகிறது. முழு உரிமை நிலத்தின் மதிப்பை 100 என்று கொண்டால், 99 ஆண்டுக் குத்தகை நிலத்துக்கு 96. 60 ஆண்டு மீதமிருந்தால் 80. 30 ஆண்டு மீதமிருந்தால் 60. சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரிய அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுவதால் இக்கணக்கு அங்கே அன்றாடத் தேவை. பட்டா நிலத்தையே பார்த்துப் பழகிய தென்காசி மதிப்பீட்டாளருக்கு, காலம் போகப் போக நிலமே தேயும் என்பது புதுப்பாடம்.

பதிவு பெற்ற தொழிலாக மாறிய வரலாறு

பிரிட்டனில் நில அளவையாளர்களும் மதிப்பீட்டாளர்களும் 1868-இல் இலண்டனில் ஒரு சங்கம் அமைத்தனர். 1881-இல் அது அரச சாசனம் பெற்றது. அதுவே இன்றைய ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ், சுருக்கமாக ரிக்ஸ். இரயில் பாதைகளுக்கும் நகர விரிவாக்கத்துக்கும் நிலம் எடுத்தபோது எழுந்த இழப்பீட்டு வழக்குகள் இத்தொழிலை வளர்த்தன.

இந்தியாவில் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 'சந்தை மதிப்பு' என்பதை இழப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொண்டது. 1957-இல் செல்வ வரிச் சட்டம் வந்தது. 1972-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்தில் 'பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்' என்ற நிலையை உருவாக்கியது. இதற்கிடையே 1968-இல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் வேல்யூவர்ஸ் தோன்றியது. செல்வ வரி 2016-17 மதிப்பீட்டு ஆண்டு முதல் நீங்கியது.

புதிய ஏற்பாடு நிறுவனச் சட்டத்தின்கீழ் வந்தது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 247-ஆம் பிரிவுக்காக 2017 அக்டோபரில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் அறிவிக்கப்பட்டன. இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் பதிவு அதிகாரியாயிற்று. நிலமும் கட்டடமும், பொறியும் இயந்திரமும், பங்குப் பத்திரமும் நிதிச் சொத்தும் என மூன்று வகைகள் வகுக்கப்பட்டன. நிலம், கட்டடம் வகைக்குக் கட்டுமானப் பொறியியல், கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் போன்ற துறைகளில் பட்டமும் பணியனுபவமும் வேண்டும். பயிற்சி முடித்துத் தேர்வும் எழுத வேண்டும்.

உலக அளவில் ஒரு பொதுமொழி உருவாக்கும் முயற்சி 1981-இல் தொடங்கியது. பல நாட்டு மதிப்பீட்டாளர் சங்கங்கள் சேர்ந்து அமைத்த குழு, பின்னாளில் பன்னாட்டு மதிப்பீட்டுத் தர மன்றமாக வளர்ந்தது. இந்திய விதிகளும், நாட்டுக்கெனத் தரநிலை அறிவிக்கப்படும்வரை பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்றலாம் என்கின்றன.

கூட வருவதும் வராததும்

மேற்கண்ட மூன்று முறைகளும், வட்டிக் கணக்கும், அறிக்கை எழுதும் ஒழுங்கும், நடுநிலையும் எந்த நாட்டிலும் பயன்படும். அளவுகளைக்கூட விரைவில் கற்றுக்கொள்ளலாம். தென்காசியில் 1 சென்ட் 435.6 சதுர அடி. இலங்கையில் 1 பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் 1 ஏக்கர்.

விலைச் செய்தி கிடைக்கும் வழிதான் பெரிதும் மாறுகிறது. எடுத்துக்காட்டாக, குத்துக்கல்வலசையில் 5 சென்ட் மனை ஒன்றை மதிப்பிடுவதாகக் கொள்வோம். அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று இருக்கும். பக்கத்து மனையின் பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்று இருக்கும். டீக்கடையிலும் தரகரிடமும் கேட்கும் பேச்சு விலை ஒன்று இருக்கும். மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. தமிழ்நாட்டில் 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது; 2023 ஏப்ரல் 1 முதல் பழைய நிலைக்கு வந்தது. அந்த இரண்டு நாள்களிலும் மண்ணில் எந்த மாற்றமும் இல்லை. தாளில் மட்டுமே மாறியது. இதைப் புரிந்து மூன்று விலைகளுக்கு நடுவே உண்மையைக் கண்டறிவதே உள்ளூர் மதிப்பீட்டாளரின் திறமை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பனை விலைகளை நிலப்பதிவகம் வெளியிடுகிறது. 1995 முதலான விவரங்களை யாரும் பார்க்கலாம். அங்கே தரகரைத் தேடி அலையும் திறமைக்கு வேலை குறைவு. நீண்டகாலக் குத்தகை, குத்தகை நீட்டிப்பு, திட்ட அனுமதி ஆகியவை பற்றிய சட்டங்களே அங்கு மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

மொழி ஒன்றாக இருந்தாலும் சட்டம் ஒன்றாக இராது என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. அங்கே டச்சுக்காரர் காலத்தில் 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் இன்றும் சொத்துரிமையில் செல்லும். பிரிபடாத பங்கை விற்பவர் முதலில் பங்காளிகளுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமை அதிலுண்டு. இதை அறியாமல் அங்கே ஒரு பங்குக்கு விலை சொன்னால் தமிழ் தெரிந்தும் பயனில்லை.

நாடுதோறும் ஒரு வாசல்

பல நாடுகளில் மதிப்பீட்டாளர் என்ற பெயரே சட்டத்தால் காக்கப்படுகிறது. நியூசிலாந்தில் 1948-ஆம் ஆண்டு மதிப்பீட்டாளர் சட்டம். இலங்கையில் 1975-ஆம் ஆண்டின் மதிப்பீட்டாளர் நிறுவனச் சட்டம். மலேசியாவில் 1981-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் ஒரு வாரியமும். சவூதி அரேபியாவில் 2012-இல் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர்களுக்கான சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் நாடு முழுமைக்கும் ஒரே உரிமம் இல்லை. குவீன்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்கள் தனிச்சட்டம் வைத்துள்ளன. சிங்கப்பூரில் வரி ஆணையம் உரிமம் வழங்குகிறது.

இவற்றுள் ஒன்றுகூட இந்தியப் பதிவை அப்படியே தன் பதிவாகக் கொள்வதில்லை. ஆகவே வெளிநாடு செல்லும் இந்திய மதிப்பீட்டாளர் பெரும்பாலும் முதலில் உதவியாளராக, தகவல் திரட்டுபவராக, மற்றொருவர் கையொப்பமிடும் அறிக்கையைத் தயாரிப்பவராகத் தொடங்குகிறார். கையொப்ப உரிமை பெற அந்த நாட்டுத் தேர்வையோ பயிற்சியையோ முடிக்க வேண்டும்.

இதற்கு ஓரளவு பாலமாக இருப்பது ரிக்ஸ் உறுப்பினர் தகுதி. பல நாடுகளின் வங்கிகளும் நிறுவனங்களும் இதனை மதிக்கின்றன. இந்தியாவில் இருந்தபடியே இதற்கு முயலலாம். வழக்கமான வழியில், விண்ணப்பிப்பவர் தாம் செய்த பணி ஒன்றைப் பற்றி 3,000 சொற்களில் ஆய்வு எழுத வேண்டும். பின்னர் ஒரு மணிநேர நேர்காணலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பட்டத்தைவிட, செய்த வேலையை விளக்கும் திறனே அங்கு சோதிக்கப்படுகிறது. ஆதலால் தென்காசியில் ஒரு தோட்டத்தையோ திருமண மண்டபத்தையோ மதிப்பிட்ட குறிப்பைக்கூட ஒழுங்காகப் பாதுகாத்து வைப்பது பின்னாளில் பயன்தரும். இத்தகுதி பெற்றாலும் உள்ளூர் உரிமம் கேட்கும் நாட்டில் அந்த உரிமத்தைத் தனியே பெறத்தான் வேண்டும்.

விட்டுச் செல்வது

மாணவர்கள் பலர் கவனிக்காத ஒரு செய்தி இந்திய விதிகளில் உள்ளது. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் 'இந்தியாவில் வசிப்பவராக' இருக்க வேண்டும். இச்சொல்லுக்கு 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் பொருளே கொள்ளப்படுகிறது. அச்சட்டம், வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றவரை இந்தியாவில் வசிப்பவர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. தகுதிகள் எப்போதும் நீடிக்க வேண்டும் என்பதும் பதிவின் நிபந்தனை.

எனவே வெளிநாட்டில் வேலையில் சேர்பவருக்கு அங்கே கையொப்ப உரிமை கிடைப்பதற்கு முன்பே, இங்கே உள்ள உரிமை சிக்கலாகிறது. அங்கும் இங்கும் அறிக்கை தரலாம் என்று எண்ணி, ஊரில் உள்ளவரைப் பார்வையிடச் சொல்லிவிட்டுத் தாம் கையெழுத்திடுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் தரும். பதிவைத் தற்காலிகமாக ஒப்படைக்க அதே விதிகளில் வழி உண்டு. புறப்படுமுன் தாம் சார்ந்த மதிப்பீட்டாளர் அமைப்பிடம் இதைக் கேட்டு முறைப்படி செய்துகொண்டால், திரும்பி வரும்போது தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டிய நிலையைத் தவிர்க்கலாம்.

இழப்பு தனிமனிதருக்கு மட்டுமன்று. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. சாலை விரிவாக்கமும் புதிய அலுவலகங்களும் குடியிருப்பு மனைகளும் வரும்போது நில எடுப்பும் பாகப்பிரிவினையும் பெருகும். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய நில எடுப்புச் சட்டம் சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்டு ஆறுதல் தொகை முதலியவற்றைக் கணக்கிடுகிறது. அடிப்படை மதிப்பு தவறினால் அதன்மேல் கட்டும் எல்லாமே தவறும். இழப்பீடு குறைவு என்று நீதிமன்றம் செல்லும் விவசாயிக்கு, அந்த வட்டாரத்துக் குளமும் மடையும் பாதையும் தெரிந்த ஒருவரின் அறிக்கையே துணை.

நிறைவாக

நில அளவையாளர், நெசவாளர், எழுத்தர் எனப் பலரும் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடல் கடந்திருக்கின்றனர். அவரவர் தொழில் எந்த அளவுக்குச் சட்டத்தைச் சார்ந்திருந்ததோ அந்த அளவுக்குப் புதிய நாட்டில் மறுபடி கற்க வேண்டியிருந்தது. அவற்றுள் சொத்து மதிப்பீடு சட்டத்தோடு மிக நெருங்கிய தொழில். செங்கோட்டை எல்லையிலேயே தெரிந்த உண்மை இது.

ஆகவே வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர் மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தேட வேண்டும். அந்த நாட்டில் நிலவுரிமை எவ்வாறு பதியப்படுகிறது? அங்கே அறிக்கையில் கையொப்பமிட யாருக்கு உரிமை? இங்குள்ள பதிவை என்ன செய்துவிட்டுப் போவது? விசாவும் சம்பளமும் இவற்றுக்குப் பிறகு பார்க்க வேண்டியவை. கற்ற முறைகள் அவருடன் வலசை வரும். குத்துக்கல் நட்ட இடத்திலேயே நிற்கும். போகும் நாட்டின் கல்லை அவர் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.